நோயாளியாக வந்த அப்போஸ்தலர்



மன்னார்த் தீவைத் தாய்நிலத்தோடு இணைக்கும் நெடும்பாலத்தை உங்களுள் பலர் கடந்திருப்பீர்கள். மடுத் திருவிழாவுக்குச் செல்வோர், தலைமன்னாரில் உறவினரைக் காணச் செல்வோர், பேசாலைக் கரையில் மீன் வாங்கச் செல்வோர் என எல்லோரும் அந்தக் கோட்டையையும் ஆழமற்ற அந்தக் கடலையும் பார்த்திருப்பீர்கள். அக்கடல் இத்தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவை எத்தனை! முத்து வணிகர் வந்தனர். பெருக்கமர விதையோடு அராபியர் வந்தனர். புனித சவேரியார் அனுப்பிய குருவின் கையால் திருமுழுக்குப் பெற்று, 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வாளுக்கு இரையான மன்னார் மறைசாட்சிகளின் விசுவாசமும் அக்கடல் வழியாகவே வந்தது.

நோய்களும் அவ்வழியே வந்தன. முத்துக்குளிப்புக் காலங்களில் அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் எழும்பிய ஓலைக் கொட்டில் நகரங்களில் வாந்திபேதி தோன்றினால் போதும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் கலைந்தோடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் இக்கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியாலும் வைசூரியாலும் வழியிலேயே விழுந்து மடிந்தோர் பலர். அவர்களைத் தூக்கி எடுக்கக்கூட ஆளின்றி, கூட வந்தோர் விட்டுச் சென்றனர். தொற்றுநோய் உடலை மட்டும் அழிப்பதில்லை என்பதை மன்னார்க் கரை நன்கு அறியும்.

இக்கரையில் 1687ஆம் ஆண்டு ஒதுங்கிய ஒரு கத்தோலிக்கக் குருவைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசேவாஸ் அடிகளாரே அவர். அவருடைய வாழ்வைப் பல கோணங்களில் சொல்லியிருக்கிறோம். நோயும் நோயாளியும் என்ற கோணத்தில் சொன்னது குறைவு.

அடிகளார் பிறந்தது கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி. கொங்கணி பிராமணக் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார். கன்னட நாட்டுக் கரையோரத்தில் சில ஆண்டுகள் மறைப்பணி ஆற்றினார். பின்னர் கோவாவில் உள்நாட்டுக் குருக்கள் சிலர் ஒன்றுகூடி வாழ்ந்த இல்லத்தில் சேர்ந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியாரின் ஒரத்தோரியன் சபையாக ஒழுங்குபடுத்தினார். அமைதியான செப வாழ்வு, மக்களின் மதிப்பு எல்லாம் அவருக்கு அங்கே இருந்தன. ஆனால் அவருடைய உள்ளம் இலங்கையில் இருந்தது.

இலங்கையின் நிலை அன்று என்ன? 1658இல் மன்னார்க் கோட்டையையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் யாவரும் வெளியேற்றப்பட்டனர். குருவை வீட்டில் மறைத்து வைப்பதே பெருங்குற்றம் எனச் சட்டம் செய்யப்பட்டது. மாந்தையில் வணங்கப்பட்டுவந்த அன்னையின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு குடும்பங்கள் காட்டுக்குள் சென்றன. அதுவே இன்றைய மருதமடு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, மரிப்போருக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. பாட்டிமார் இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செபங்களே வேதமாக எஞ்சின. இதைக் கேள்வியுற்ற அடிகளார் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் இளைஞர் ஒருவர் ஊழியராகவும் துணையாகவும் உடன் வந்தார்.

தூத்துக்குடியில் குருவுடையைக் களைந்தார். இடுப்பில் ஒரு துண்டு, வெறுங்கால், கழுத்தில் செபமாலை. கூலியாளைப் போலவும் பிச்சைக்காரரைப் போலவும் வேடம் பூண்டு தோணி ஏறினார். வேடம் என்று சொல்கிறோம். சில நாட்களில் அது வேடமாக இல்லாமல் போயிற்று. காற்று திசைமாறித் தோணி அலைக்கழிந்தது. குடிநீரும் உணவும் குறைந்தன. மன்னார்த் தீவில் ஒதுங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர் நிற்கவும் வலுவற்றவராய் இருந்தார். கடுமையான வயிற்றுளைவு நோய் அவரைப் பற்றிக்கொண்டது.

அன்றைய நிலையை எண்ணிப்பாருங்கள். அந்நியர், ஊர் தெரியாது, தாம் யாரென்று சொல்லவும் முடியாது. கந்தல் உடுத்த ஒருவர் இரத்தமும் சீதமுமாய்க் கழிந்துகொண்டு திண்ணையில் கிடந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? நோய் தங்களையும் தொற்றிவிடும் என்று அஞ்சினார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டார். பராமரித்த யோவானும் அதே நோயில் விழுந்தார். ஒரு பெண்மணி மட்டும் இரக்கம்கொண்டு அவ்விருவருக்கும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று அடிகளாரின் வரலாறு சொல்கிறது. அந்தக் கஞ்சியைக் குடித்தே இருவரும் பிழைத்தனர். அப்பெண்ணுக்குத் தாம் காப்பாற்றுவது ஒரு குரு என்பது தெரியாது.

இவ்விடத்தில் சற்று நின்று செல்வோம். வயிற்றுளைவு எதனால் வருகிறது என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, 1897இல், ஜப்பானிய மருத்துவரான கியோஷி சிகா நோயாளிகளின் மலத்தை ஆய்வுகூடத்தில் சோதித்து அதற்குரிய பக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அமீபா என்னும் நுண்ணுயிரால் வரும் இன்னொரு வகை வயிற்றுளைவும் உண்டு. அந்த நுண்ணுயிரை 1875இல் ரஷ்யாவில் கண்டறிந்திருந்தனர். ஆனால் காரணம் தெரிந்த பின்னரும் பல காலம், கழிச்சல் நோயாளிக்கு உணவையும் நீரையும் நிறுத்துவதே சரி என்று படித்தவர்களும் எண்ணினர். உண்மையில் வாந்திபேதி போன்ற நோய்களில் மனிதரைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வடிந்து போவதே. குடலின் சுவர் உப்பையும் நீரையும் தானாக உறிஞ்ச இயலாது தவிக்கும்போது, சிறிது சர்க்கரை சேர்ந்தால் அந்தக் கதவு திறக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஆய்வாளர் நிறுவினர்.

அதனை மக்கள் நடுவே செய்து காட்டிய இடம் ஓர் அகதி முகாம். 1971இல் வங்காளதேசப் போரின்போது எல்லையோரத்து போங்கான் நகரில் வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மகாலனபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அடுத்த பத்தாண்டில் டாக்காவிலுள்ள வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையத்தினர் சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவைக் காய்ச்சிக் கொடுத்துச் சோதித்தனர். வாந்திபேதி நோயாளிகளுக்கு அது இன்னும் நன்மை செய்வதாகக் கண்டனர். உப்பிட்ட அரிசிக் கஞ்சி! எங்கள் அம்மாமார் அடுப்படியில் அறிந்திருந்ததை ஆய்வுகூடம் அளந்து ஒப்புக்கொள்ள முந்நூறு ஆண்டுகள் ஆயின. (இரத்தம் கலந்து கழியுமானால் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள், வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இன்று அதற்கு மருந்து உண்டு.)

நலமடைந்த அடிகளார் வீடு வீடாய்ப் பிச்சை கேட்டு நடந்தார். கழுத்திலிருந்த செபமாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் நடத்திய தேடுதலில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட, அவர் தப்பினார். பின்பு புத்தளம், அங்கிருந்து 1692இல் கண்டி. போர்த்துக்கேய உளவாளி என்ற பழியில் அங்கே சிறை வைக்கப்பட்டார். சிறையிலேயே சிங்களம் பயின்றார். நாட்டில் மழை பொய்த்தபோது மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் செபித்தார் என்பதும், மழை கொட்டியபோது அவரும் பலிபீடமும் நனையவில்லை என்பதும் நம் மறையுரைகளில் நீங்கள் பலமுறை கேட்ட செய்தி.

மழைப் புதுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அடுத்து நிகழ்ந்ததே அதனினும் பெரிது என்பது என் எண்ணம். நாம் அதைப்பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். மழைக்காகச் செபிப்பவரைப் பார்க்கக் கூட்டம் கூடும். 1697இல் அவர் செய்ததைப் பார்க்க எவரும் நிற்கவில்லை, எல்லோரும் ஓடிவிட்டனர்.

அவ்வாண்டு கண்டியில் வைசூரி பரவியது. அக்கொடுமையை இன்றைய தலைமுறை அறியாது. தொற்றிப் பன்னிரண்டு நாட்கள் போல எந்த அறிகுறியும் இராது. பின்பு கடுங்காய்ச்சல், முதுகுவலி. அதன்பின் முகத்திலும் கைகால்களிலும் முத்துமுத்தாய்க் கொப்புளம் எழும்பி, சீழ்கட்டி, துர்நாற்றம் வீசும். வாயினுள்ளும் தொண்டையிலும் புண் நிறைந்து, ஒரு மிடறு நீர் இறங்குவதே பெரும்பாடாகும். நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மடிவர். பிழைத்தோர் முகத்தில் தழும்போடும், சிலர் கண்ணிழந்தும் வாழ்வர். தெய்வத்தின் சினமென்றும் பேயின் வேலையென்றும் மக்கள் அஞ்சினர். மன்னனும் அரசவையும் நகரை விட்டு நீங்கினர். நோய் கண்டவரைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். பிணங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

ஓடியவர்களைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. வைசூரி மூச்சினாலும் கொப்புளத்தின் பக்கினாலும் நோயாளியின் துணியாலும் தொற்றுவது. மருந்தே இல்லாத காலத்தில், பிள்ளை குட்டிகளோடு இருப்பவர் வேறென்ன செய்ய வல்லார்? அவர்களுடைய அச்சத்தில் உண்மை இருந்தது. அந்த அச்சத்தை அடிகளாரும் அறிந்தவரே. பத்தாண்டுகளுக்கு முன் ஊருக்கு வெளியே தாமே கிடந்தவர் அல்லவா?

அவரும், மருமகனான குரு யோசேப்பு கார்வால்யோவும் நகரிலேயே தங்கினார்கள். தெருத் தெருவாகவும் காட்டுக்குள்ளும் சென்று நோயாளரைத் தேடினார்கள். மரத்தடியில் கிடந்தோருக்கு மேலே கொட்டில் போட்டார்கள். ஆளொழிந்த வீடுகளைத் துப்புரவாக்கி அவற்றில் நோயாளரைக் கிடத்தினார்கள். புண்களைக் கழுவினார்கள், படுக்கையை மாற்றினார்கள், உணவு சமைத்து வாயில் ஊட்டினார்கள். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. இறந்தோருக்குத் தம் கையாலேயே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். ஒருநாள் இருநாள் அன்று. கொள்ளைநோய் தணியுமட்டும் மாதக்கணக்காய் இதே வேலை. அடிகளார் இல்லாதிருந்தால் நகரத் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று திரும்பிவந்த மன்னன் கூறியதாக வரலாறு பதிந்துள்ளது. அதன்பின் கண்டி இராச்சியத்தில் மறைப்பணிக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. ஒல்லாந்தரால் விரட்டப்பட்ட கத்தோலிக்கருக்குப் பௌத்த மன்னனின் நாடு புகலிடமாயிற்று.

இங்கே குணமளிக்கும் அற்புதம் ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நடந்தது என்ன? நீர், உணவு, துப்புரவு, கூரை, அடக்கம். வைசூரியைக் கொல்லும் மருந்து பின்னரும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆனால் நீரும் உணவும் கொடுத்து, புண்ணைத் தூய்மையாக வைத்தால் மேலும் சிலர் பிழைப்பர் என்பதை மருத்துவம் ஏற்கிறது. கைவிடப்பட்டவர்களுள் நோயினால் செத்தவர்கள் எத்தனை பேர், தாகத்தினால் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கிட்டார்?

இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தடுப்பூசி கண்டது 1796இல். அடிகளார் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகளின் பின். 1802இல் அத்தடுப்பூசி இலங்கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்க முனைந்தபோது, எல்லோருக்கும் ஊசி போடுவது மட்டும் போதவில்லை. ஊழியர்கள் வீடு வீடாய்ச் சென்று நோயாளி எங்கே மறைக்கப்பட்டிருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. அவரைக் கண்டபின் சுற்றியிருப்போருக்கு ஊசி போட்டார்கள். 1975இல் இந்தியா விடுபட்டது. 1977இல் சோமாலியாவில் இயற்கையாய்த் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

நோய் மாறினாலும் அச்சம் மாறவில்லை என்பதை 2020இல் கண்டோம். கொவிட் தொற்றியவர் வீட்டு வாசலைக் கடக்கவே அயலவர் தயங்கினர். அவ்வாண்டு ஏப்ரலில், இத்தொற்றால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என இலங்கையில் விதி செய்யப்பட்டது. அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்று மருத்துவ அறிஞர்கள் கூறியும், 2021 பெப்ரவரி இறுதி வரை அது நீக்கப்படவில்லை. எங்கள் இஸ்லாமிய அயலவர்கள் தம் பிள்ளைகளையும் பெற்றோரையும் மண்ணுக்குக் கொடுக்க இயலாது பட்ட வேதனையை மன்னார் மக்கள் அறிவார்கள். இறந்தவரை அவருக்குரிய மரியாதையோடு புதைக்கும் உரிமைக்காக, அந்நியரின் பிணங்களுக்குக் குழி வெட்டிய குருவின் மக்களாகிய நாம் எவ்வளவு குரல் கொடுத்தோம்? இக்கேள்வியை உங்கள் குடும்பச் செபத்தின்பின் பேசிப்பாருங்கள்.

நோய்க்கும் மன்னார்க் கரைக்குமான தொடர்பு இன்னும் அறுந்துவிடவில்லை. 2012இன் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் இல்லாமல், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில், அனோபிலஸ் ஸ்டிபென்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் மன்னார்த் தீவின் கிணறுகளில் அகப்பட்டன. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்நுளம்பே. இலங்கையில் அதற்குமுன் பதிவானதில்லை. ஆய்வுகூடத்தில் மரபணுவைச் சோதித்தே அதனை உறுதி செய்தனர். மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் ஊழியர் வீடு வீடாய்ச் சென்று, வாளியால் கிணற்று நீரை மொண்டு பார்ப்பதும், குடம்பி தின்னும் மீன்களைக் கிணற்றில் விடுவதும் அதனால்தான். அவர்கள் உங்கள் வாசலுக்கு வரும்போது சலித்துக்கொள்ளாதீர்கள்.

அடிகளாரின் இறுதி ஆண்டுகளுக்கு வருவோம். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்து சேர்ந்தனர். 1705இல் தலைமன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவர்களுள் ஒருவர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி இலங்கைக் கத்தோலிக்க இலக்கியத்துக்கு அடிக்கல் நாட்டியவர். அக்காலத்தில் யோசேவாஸ் அடிகளாரை ஆயராக்க விரும்பினர், அவர் மறுத்துவிட்டார். வெறுங்காலுடன் காடுகளில் நடந்து நடந்து உடல் ஓய்ந்தது. காய்ச்சல் மேல் காய்ச்சலாய் வந்தது. 1711 ஜனவரி 16ஆம் திகதி, அறுபதாவது வயதில், கண்டியில் உயிர் நீத்தார். அங்கிருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலக் கலவரங்களில் அவ்வாலயம் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று.

1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை அருளாளராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை, காலிமுகத்திடலில் கூடியிருந்த பெருந்திரளின் முன் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அன்று பிற்பகலே அவர் மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழரும் சிங்களவரும் அங்கே வெயிலில் காத்திருந்தார்கள். மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட அதே அன்னையின் திருவுருவத்தைத் தம் கையில் ஏந்தி அவர் அவர்களுக்கு ஆசி வழங்கினார்.